சம்பளம் இல்லாத காவல் வேலை! 2 ஆண்டு உழைத்து சாவியை வாங்கிய மர்ம ஆசாமி!! அரை நொடி தாமதத்தில் குட்டு உடைந்தது

உலகம் முழுவதும் உள்ள கம்ப்யூட்டர்களைத் திறக்க கள்ளச்சாவி தயாரித்த பயங்கர சதி, வெறும் அரை நொடி தாமதத்தால் அம்பலமானது. 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த இந்தச் சம்பவம் கம்ப்யூட்டர் உலகத்தையே கதி கலங்க வைத்தது.

சதி பிடிபட்டது. சதி செய்த ஆசாமி பிடிபடவில்லை.

அவன் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. கன்னம் வைக்கவில்லை. யாரையும் மிரட்டவில்லை. சம்பளம் இல்லாத ஒரு வேலைக்குத் தானாக வந்து சேர்ந்தான். 2 ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்தான். "தங்கமான ஆளு" என்று பெயர் வாங்கினான். கடைசியில் சாவியே கைக்கு வந்து சேர்ந்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

என்ன வேலை அது?

கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்கள் 2 வகை. ஒன்று, காசு கொடுத்து வாங்குவது. அதன் உள்விவரத்தைக் கம்பெனி யாருக்கும் காட்டாது. இன்னொன்று, இலவசமாகக் கிடைப்பது. எழுதியவர் அதன் மூலத்தையே ஊரறிய வைத்துவிடுவார். யாரும் படிக்கலாம்; திருத்தலாம்; மற்றவருக்குக் கொடுக்கலாம். 'லினக்ஸ்' இந்த ரகம்.

பாங்கி, ரெயில்வே, ஆஸ்பத்திரி என்று பெரிய பெரிய இடங்களில் ஓடும் செர்வர் கம்ப்யூட்டர்களில் இந்த இலவச சரக்குதான் ஏராளமாக இருக்கிறது.

வயலில் விளைந்த நெல்லை அப்படியே கடையில் விற்க முடியாது. அரிசியாக்க வேண்டும். கல் பொறுக்க வேண்டும். எடை போட்டு, பை கட்டி, சீட்டு ஒட்ட வேண்டும். அப்புறம்தான் மளிகைக் கடைக்கு வரும்.

புரோகிராமுக்கும் அப்படித்தான். எழுதுகிறவர் ஒருவர். அதை வாங்கிச் சோதித்து, பொட்டலம் கட்டி, கிடங்கில் சேர்க்கிறவர் இன்னொருவர். இந்தப் பொட்டலத்துக்குப் பெயர் 'பேக்கேஜ்'. கட்டுகிறவருக்குப் பெயர் 'பேக்கேஜ் மெயின்டெய்னர்', அதாவது பராமரிப்பாளர்.

ஒருமுறை கட்டிப் போட்டால் வேலை முடிந்ததா? முடியாது. புதுப் பதிப்பு வந்தால் மாற்ற வேண்டும். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க வேண்டும். "ஓடலையே" என்று எங்கிருந்தோ ஒருவர் புகார் எழுதினால் பதில் சொல்ல வேண்டும்.

இதற்குச் சம்பளம்? பெரும்பாலும் ஒரு பைசா கிடையாது! ஆபீஸ் வேலை முடிந்து, வீட்டுக்குப் போய், ராத்திரி உட்கார்ந்து செய்கிறவர்கள்தான் அதிகம்.

பின்லாந்து தனிமனிதர்

இப்படி ஒரு தொண்டர்தான் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த லாசே காலின். 'எக்ஸ்-இசட்' என்ற புரோகிராமைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர். பெரிய பைலை அமுக்கிச் சின்னதாக்குவதுதான் எக்ஸ்-இசட் செய்யும் வேலை. மூட்டையை மிதித்து இறுக்கிக் கட்டுகிற மாதிரி.

கேட்பதற்கு சாதாரணமாக இருக்கும். ஆனால் அனேகமாக எல்லா லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் இது இருக்கிறது. இவ்வளவு பெரிய உபயோகத்தில் இருந்த சரக்கைக் காத்து வந்தது இந்த ஒரே ஆள்தான்.

2021-ம் ஆண்டு 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். அந்த ஆண்டு அக்டோபர் மாதம் சின்னதாக ஒரு திருத்தம் அனுப்பினார். பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு வேறொன்று. எல்லாம் உபயோகமான திருத்தங்கள். மரியாதையாகப் பேசினார். சொன்ன வேலையைச் செய்தார்.

தனியாகக் கஷ்டப்படுகிறவருக்கு இப்படி ஒரு கையாள் கிடைத்தால் எப்படி இருக்கும்? தெய்வமாகப் பார்த்து அனுப்பியது போலத்தானே இருக்கும்!

நச்சரிப்புக் கும்பல்

2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல் வேறு சில பெயர்கள் முளைத்தன. 'ஜிகார் குமார்', 'டென்னிஸ் என்ஸ்' என்ற பெயர்களில் காலினுக்குப் புகார் மேல் புகார் வந்தது.

"திருத்தம் அனுப்பி எவ்வளவு நாளாச்சு? ஏன் சேர்க்கலே?", "முடியலேன்னா வேறே ஆளுகிட்டே கொடுத்துடலாமே!" - இந்தத் தோரணையில் நச்சரிப்பு நடந்தது.

தன் மனநிலை நீண்ட நாளாகவே சரியில்லை என்றும், இது சம்பளம் இல்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதை மறக்கக்கூடாது என்றும் காலின் அந்த ஜூன் மாதம் பதில் எழுதினார். ஜியா டான் உதவி செய்து வருவதாகவும், வருங்காலத்தில் அவருக்கு இன்னும் பெரிய பொறுப்பு கிடைக்கலாம் என்றும் குறிப்பிட்டார்.

நச்சரித்த பெயர்கள் அதன்பிறகு மாயமாக மறைந்துவிட்டன. அவை எல்லாமே ஒரே கும்பலின் வேஷங்கள் என்று இந்த விவகாரத்தை ஆராய்ந்த நிபுணர்கள் பலர் கருதுகிறார்கள்.

பஸ் நெரிசலில் ஒருவன் காலை மிதித்துச் சண்டை இழுப்பான். இன்னொருவன் "விடுங்க சார்" என்று சமாதானம் செய்வான். சமாதானம் செய்தவன் கையில்தான் பர்ஸ் போகும். அதே பழைய தந்திரம்தான்!

சாவி கைமாறியது

2022-ம் ஆண்டு முடிவதற்குள் ஜியா டானுக்குக் கூட்டுப் பராமரிப்பாளர் அந்தஸ்து கிடைத்தது. 2023 மார்ச் மாதத்தில் புதுப் பதிப்பைத் தானே வெளியிடும் அளவுக்கு அதிகாரம் வந்துவிட்டது.

அதற்கு மேலும் கிட்டத்தட்ட ஓராண்டு பொறுமையாக இருந்தான். சந்தேகம் வரும்படி எதுவும் செய்யவில்லை.

2024 பிப்ரவரி 24-ந் தேதி 5.6.0 என்ற பதிப்பு வெளியானது. அதில்தான் வெடி வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 9-ந் தேதி 5.6.1 வெளியானது. முதல் பதிப்பில் சில இடங்களில் விஷமக் குறியீடு பிசகி எச்சரிக்கை காட்டியது. அதைப் பூசி மெழுகத்தான் இரண்டாவது பதிப்பு!

வெடி வைத்த விதம்

எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கும் மூலத்தில் எப்படி விஷத்தை மறைப்பது? அங்கேதான் ஆசாமியின் மூளை வேலை செய்தது.

எக்ஸ்-இசட் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, வேண்டுமென்றே கெட்டுப்போன பைல்கள் சிலவற்றைக் கூடவே வைத்திருப்பார்கள். திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. சோதனைச் சரக்கு என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்படிப்பட்ட பைல்களுக்குள் விஷமக் குறியீட்டை ஒளித்து வைத்தான்.

அதை வெளியே இழுத்து ஓட வைக்கும் திரி வேறு இடத்தில் இருந்தது. ஊர் பார்க்கும் மூலத்தில் அது இல்லை. வெளியீட்டுக்காகத் தனியாகக் கட்டும் மூட்டையில் மட்டும் செருகப்பட்டிருந்தது.

அதாவது கண்ணாடி அலமாரியில் இருந்தது நல்ல அரிசி. லாரியில் ஏறிய மூட்டையில் மட்டும் கலப்படம்.

இந்த மூட்டையைக் கொண்டு டெபியன், பெடோரா போன்ற லினக்ஸ் பேக்கேஜ் கட்டும்போது மட்டும் விஷம் உயிர் பெறும். அது குறி வைத்தது எக்ஸ்-இசட்டை அல்ல. 'எஸ்.எஸ்.எச்.' என்ற வாசல் கதவை!

தூரத்தில் இருக்கும் செர்வருக்குள் நிர்வாகிகள் நுழையும் கதவு அது. சில லினக்ஸ் ரகங்களில் அந்தக் கதவு மறைமுகமாக எக்ஸ்-இசட்டின் ஒரு பகுதியைத் துணைக்கு அழைக்கிறது. அந்த இடுக்கு வழியாகக் கள்ளச்சாவி நுழைந்தது. குறிப்பிட்ட ரகசிய சாவி வைத்திருப்பவன் மட்டும், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல், செர்வரில் எந்த உத்தரவையும் ஓட வைக்கலாம்.

"சீக்கிரம் சேர்த்துக்கோங்க!"

வெடி வைத்தாகிவிட்டது. அடுத்தது, அதைக் கிடங்குகளுக்குள் தள்ள வேண்டும்.

பெடோரா பேக்கேஜைக் கவனிக்கும் பராமரிப்பாளரிடம் ஜியா டான் தொடர்ந்து பேசி, புதுப் பதிப்பைச் சேர்க்கும்படி கேட்டு வந்தான். 'ஹான்ஸ் ஜான்சன்' என்ற பெயரில் ஒருவர், 5.6.1 பதிப்பைச் சேர்க்கும்படி டெபியனுக்கு மார்ச் 25-ந் தேதி மனுவே போட்டார். 28-ந் தேதி உபுண்டுவிலும் கோரிக்கை எழுந்தது.

கிடங்குக்காரர்கள் என்ன செய்வார்கள்? சரக்கை எழுதியவரே "நல்ல சரக்கு" என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார். நம்பினார்கள். டெபியனின் சோதனைக் கிளைகளிலும், பெடோராவின் முன்னோட்டப் பதிப்பிலும், ஓபன்சூசியின் 'டம்பிள்வீட்' ரகத்திலும் விஷமூட்டை ஏறிவிட்டது.

அரை நொடி

சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆண்ட்ரஸ் பிரண்ட் என்ற என்ஜினீயர் இருந்தார். மைக்ரோசாப்ட் கம்பெனியில் வேலை. 'போஸ்ட்கிரஸ்' என்ற இலவச டேட்டாபேஸ் புரோகிராமை எழுதுகிறவர்களில் ஒருவர். அவர் பாதுகாப்பு நிபுணர் அல்ல. துப்பறியும் ஆளும் அல்ல.

போஸ்ட்கிரஸின் வேகத்தை அளந்து கொண்டிருந்தார். துல்லியமாக அளக்க வேண்டுமானால் கம்ப்யூட்டர் மற்ற நேரம் சும்மா இருக்க வேண்டும். ஆனால் எஸ்.எஸ்.எச். கதவு தேவையில்லாமல் கம்ப்யூட்டரின் சக்தியை விழுங்கிக் கொண்டிருந்தது.

நேரத்தை அளந்தார். வழக்கமாக 0.3 நொடி எடுக்கும் வேலைக்கு 0.8 நொடி ஆனது. வித்தியாசம் அரை நொடி.

வேறு யாராக இருந்தாலும் "போகட்டும்" என்று விட்டிருப்பார்கள். ஆனால் சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் வந்த வினோத எச்சரிக்கை ஒன்று பிரண்டின் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டார். நூல் பிடித்துப் போனார். நூலின் மறுமுனை எக்ஸ்-இசட்டில் போய் நின்றது!

பெரிய வெள்ளியில் பரபரப்பு

மார்ச் 28-ந் தேதி டெபியன் பாதுகாப்புக் குழுவுக்கும் மற்ற லினக்ஸ் குழுக்களுக்கும் ரகசியமாகத் தகவல் கொடுத்தார். மறுநாள் 29-ந் தேதி, பெரிய வெள்ளிக்கிழமை. விடுமுறையில் இருந்தவர்கள் எல்லாம் பதறியடித்து எழுந்தார்கள். விஷயம் பகிரங்கமானது.

அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு ஏஜென்சியான 'சிசா' அன்றே எச்சரிக்கை விடுத்தது. ஆபத்தின் அளவுக்கு 10-க்கு 10 மார்க் போடப்பட்டது. டெபியன் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பியது. உபுண்டு, வெளிவர இருந்த தன் சோதனைப் பதிப்பை ஒரு வாரம் தள்ளி வைத்து, பேக்கேஜ்களைப் புதிதாகக் கட்டியது.

டெபியனில் பொதுமக்கள் உபயோகிக்கும் நிலையான பதிப்புக்கு விஷம் போய்ச் சேரவில்லை. இன்னும் சில மாதங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் அடுத்தடுத்து வந்த பதிப்புகள் மூலம் லட்சக்கணக்கான செர்வர்களில் ஏறியிருக்கும்.

ஜியா டான் யார்? ஆணா, பெண்ணா, தனி ஆளா, கூட்டமா? எந்த நாடு? எதுவும் துலங்கவில்லை. சதி வெளிப்பட்ட நாளோடு அந்தப் பெயர் மறைந்தது. இவ்வளவு பொறுமையும் பண வசதியும் ஏதாவது ஒரு நாட்டின் உளவுத் துறைக்குத்தான் இருக்க முடியும் என்பது பல நிபுணர்களின் சந்தேகம்.

முன்பும் நடந்தது

இது முதல் கைவரிசை அல்ல. 2018-ம் ஆண்டில் மட்டும் 2 சம்பவங்கள்.

'ஆர்ச்' லினக்சில், ரசிகர்கள் தாங்களே பேக்கேஜ் கட்டிப் போடும் பொதுத் திண்ணை ஒன்று உண்டு. பராமரிப்பாளர் கைவிட்ட பேக்கேஜை அங்கே யாரும் தத்து எடுக்கலாம். அந்த ஆண்டு ஜூலை மாதம் ஒரு ஆசாமி, பி.டி.எப். பைல் படிக்கும் 'அக்ரோரீட்' என்ற அனாதை பேக்கேஜைத் தத்து எடுத்தான். எடுத்த கையோடு விஷமக் குறியீட்டைச் செருகினான். விரைவிலேயே குட்டு வெளிப்பட்டு, கணக்கு மூடப்பட்டது.

இரண்டாவது சம்பவம் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற பேக்கேஜில். அதை எழுதியவர், உபயோகிப்பதை எப்போதோ விட்டுவிட்டார். ஆனால் வாரத்துக்கு லட்சக்கணக்கான முறை மற்றவர்கள் எடுத்துக் கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் "நான் பார்த்துக்கிறேன்" என்று கேட்டார். சரி என்று கொடுத்துவிட்டார். புது ஆள் உள்ளே செருகிய விஷம், 'பிட்காயின்' பணப்பை ஒன்றைக் கொள்ளையடிக்கத் தயாரிக்கப்பட்டது என்பது நவம்பரில் தெரிய வந்தது.

நல்லவர் செய்த தப்பு

எல்லாமே திருட்டு அல்ல. நல்ல எண்ணத்தோடு செய்த தவறும் உண்டு.

2006-ம் ஆண்டு டெபியனில் 'ஓபன்-எஸ்.எஸ்.எல்.' என்ற பூட்டு பேக்கேஜில் ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியது. எச்சரிக்கையை நிறுத்துவதற்காகப் பராமரிப்பாளர் வரியை நீக்கினார். ஆனால் ரகசிய சாவிகளைக் கலைத்துப் போடும் குலுக்கலே அந்த வரியில்தான் இருந்தது!

விளைவு? கோடானுகோடி விதமாக வர வேண்டிய சாவிகள், ஒவ்வொரு ரகத்திலும் சுமார் 32 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டன. அத்தனையையும் ஒருவன் போட்டுப் பார்த்தே பூட்டைத் திறந்துவிடலாம்.

2008 மே 13-ந் தேதி இது வெளியிடப்பட்டபோது சுமார் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. உலகம் முழுவதும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு வரி செய்த வேலை!

இந்த வேலையில் சேருவது எப்படி?

இவ்வளவும் படித்த பிறகு, "அப்போ யாரு வேணும்னாலும் உள்ளே புகுந்துடலாமா?" என்ற கேள்வி எழும். புகுந்துவிட முடியாதபடி வாசல் வைத்திருக்கும் கிடங்குகளும் உண்டு. பெரிய உதாரணம் டெபியன்.

1993 ஆகஸ்டு 16-ந் தேதி, அயன் மர்டாக் என்ற மாணவர் இதை அமெரிக்காவில் ஆரம்பித்தார். தன் பெயரையும், அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து 'டெபியன்' என்று வைத்தார். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-வது பதிப்பில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேக்கேஜ்கள் இருந்தன. 2013-ம் ஆண்டு சர்வதேச விண்வெளி நிலைய லேப்டாப்களுக்கும் டெபியன் தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தனைக்கும் முதலாளி கிடையாது. தொண்டர்கள்தான்.

சேருகிறவர் முதலில் வேலையைத் தேட வேண்டும். "ஆள் தேவை" பட்டியல் ஒன்று எப்போதும் இருக்கும். அனாதையான பேக்கேஜ்கள், "உதவிக்கு வாங்க" என்று பராமரிப்பாளர் கேட்கும் பேக்கேஜ்கள், புதிதாக யாராவது கட்ட வேண்டியவை என்று வகை வகையாகப் பிரித்திருப்பார்கள்.

பெரிய பேக்கேஜில் கை வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. தான் தினமும் உபயோகிக்கும் சின்ன புரோகிராமில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். புகார்ப் பட்டியலில் ஒன்றிரண்டைத் தீர்த்து வைத்தாலே பெயர் தெரிய ஆரம்பித்துவிடும்.

பேக்கேஜ் கட்டுவதற்குச் சட்டதிட்டம் உண்டு. என்ன சரக்கு, எதைச் சார்ந்தது என்று ஒரு சீட்டு. எப்படிக் கட்டுவது என்று ஒரு சீட்டு. என்ன மாற்றம் செய்தோம் என்று ஒரு சீட்டு. உரிமை யாருக்கு என்று ஒரு சீட்டு. 'லின்டியன்' என்ற சோதனைக் கருவி, தராசு இன்ஸ்பெக்டர் மாதிரி ஒவ்வொரு குறையாக எடுத்துச் சொல்லும்.

கட்டி முடித்தாலும் புது ஆள் நேராகக் கிடங்கில் சேர்க்க முடியாது. டெபியன் அங்கத்தினர் ஒருவர் பார்த்து, தன் கையெழுத்தைப் போட்டு ஏற்ற வேண்டும். அவருக்குப் பெயர் 'ஸ்பான்சர்'. கூட்டுறவு பாங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

முற்றிலும் புதிய பேக்கேஜாக இருந்தால், இன்னொரு குழு உரிமைப் பத்திரங்களை வரி வரியாகப் பார்க்கும். அந்தக் கியூவில் நாள் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கிலும் காத்திருக்க நேரிடும்.

உள்ளே போன சரக்கும் நேராகப் பொதுமக்களிடம் போகாது. முதலில் 'சிட்' என்ற கிளை. பொம்மைகளை உடைக்கும் சினிமாப் பையனின் பெயர் அது! அங்கே சில நாள் ஓடி, பெரிய புகார் இல்லையென்றால் அடுத்த கிளை. சுமார் 2 ஆண்டுக்கு ஒருமுறைதான் நிலையான பதிப்பு. எக்ஸ்-இசட் விஷம் பொதுமக்களைத் தொடாததற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

"அடையாள அட்டையைக் காட்டு!"

பல பேக்கேஜ்களை ஒழுங்காகக் கவனித்தவர், 'டெபியன் மெயின்டெய்னர்' அந்தஸ்து கேட்கலாம். 2007-ம் ஆண்டு அங்கத்தினர்கள் ஓட்டுப் போட்டு ஏற்படுத்திய பதவி இது. குறிப்பிட்ட பேக்கேஜ்களை மட்டும் ஸ்பான்சர் இல்லாமல் ஏற்றலாம்.

அதற்கும் மேலே 'டெபியன் டெவலப்பர்'. இவருக்கு ஓட்டுரிமை உண்டு. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. ஆனால் சும்மா கிடைக்காது. ஏற்கனவே அங்கத்தினராக இருப்பவர் சிபாரிசு செய்ய வேண்டும். கேள்வி மேல் கேள்வி கேட்டு ஒருவர் பரீட்சை வைப்பார். டெபியனின் சமூக ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். குறைகளை மூடி மறைக்க மாட்டோம் என்பது 1997-ல் ஏற்பட்ட அந்த ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து.

முக்கியமானது சாவி. ஒவ்வொருவரும் மின்னணுச் சாவி ஒன்று வைத்திருப்பார். "இந்தச் சாவி இவருடையதுதான்" என்று பழைய அங்கத்தினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு நேரில் சந்திப்பார்கள். பாஸ்போர்ட் போன்ற அரசாங்க அடையாள அட்டையை வாங்கி, முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்!

ஆண்டு மாநாடுகளில் இதற்கென்றே கூட்டம் கூடும். 2023 செப்டம்பரில் அந்த மாநாடு நம் பக்கத்து கொச்சியில்தான் நடந்தது.

புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்கும் இடம் உண்டு. மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்பு எழுதுவோரும் அங்கத்தினர் ஆகலாம். டெபியனைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வரும் கேள்விகள் தமிழிலும் வருகின்றன. யாரோ சில தொண்டர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்ததுதான்.

ஓட்டை எங்கே?

இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும் எக்ஸ்-இசட் விஷம் சிட் கிளைக்குள் எப்படி வந்தது?

கிடங்கின் வாசலில் பாஸ்போர்ட் கேட்டார்கள். ஆனால் நெல் விளையும் வயலில் யாரும் கேட்கவில்லை. ஜியா டான் டெபியனில் சேரவில்லை. டெபியன் நம்பிக்கொண்டிருந்த இடத்தில் சேர்ந்தான். அங்கே காவலுக்கு இருந்தது ஒரே ஒரு சோர்ந்துபோன மனிதர்.

அதனால் இப்போது பராமரிப்பாளர்களுக்கு நிபுணர்கள் சொல்லும் புத்திமதி: மூட்டையாக வருவதை அப்படியே நம்பாதே, திறந்த மூலத்தோடு ஒப்பிட்டுப் பார். யாராவது "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினால், அன்றைக்கு இன்னும் நிதானமாகப் பார்.

ஆனால் அடையாள அட்டையால் மட்டும் நேர்மையை அளந்துவிட முடியாது. போலி பாஸ்போர்ட்டும் உலகத்தில் உண்டு. கடைசிக் காவல், பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண். ஒரு பேக்கேஜை 2 பேர், 3 பேர் சேர்ந்து பார்த்தால் ஒருவர் சோர்ந்தாலும் மற்றவர் விழித்திருப்பார். டெபியனில் பல பேக்கேஜ்களை இப்போது குழுவாகத்தான் பார்க்கிறார்கள்.

"முடியலே" என்று சொல்வதும் குற்றம் அல்ல. பொறுப்பை மறைவாகக் கைமாற்றாமல், "அனாதை" என்று பட்டியலில் பகிரங்கமாக எழுதிவிடலாம். சொல்லாமல் காணாமல் போகும் பராமரிப்பாளர்களைத் தேடிப் பிடித்து "இருக்கீங்களா?" என்று விசாரிக்கவும் டெபியனில் ஒரு குழு உண்டு.

பழைய காவல்காரர் திரும்பினார்

லாசே காலின் என்ன ஆனார்?

சதி வெளிப்பட்டபோது அவர் இணையத்தை விட்டு ஒதுங்கி ஓய்வில் இருந்தார். திரும்பிப் பார்த்தால் உலகமே அவர் வாசலில் நின்றது. மூலம் வைத்திருந்த இடத்தையே பூட்டிவிட்டார்கள். அவருடைய கணக்கும் முடக்கப்பட்டு, பிறகு திருப்பிக் கொடுக்கப்பட்டது.

அவர் ஓடவில்லை. உட்கார்ந்து, மர்ம ஆசாமி தொட்ட இடங்களை எல்லாம் துருவிப் பார்த்தார். 2024 மே 29-ந் தேதி விஷம் நீக்கிய 5.6.2 பதிப்பை வெளியிட்டார்.

இந்த வேலைக்கும் அவர் யாருக்கும் பில் அனுப்பவில்லை.

ஆள் தேவைப் பட்டியல் இன்றைக்கும் நீளமாகத்தான் இருக்கிறது. சம்பளம் இல்லை. போனஸ் இல்லை. திட்டு மட்டும் தாராளம். ஆனால் பாங்கியில் பணம் எடுக்கிறவரும், ரெயில் டிக்கெட் பதிவு செய்கிறவரும், தெரியாமலேயே அந்தப் பட்டியலை நம்பித்தான் இருக்கிறார்கள்.

காலி இடத்துக்கு நல்ல ஆள் வராவிட்டால், வேறொரு ஆள் வருவான். அவனும் "நான் பார்த்துக்கிறேன்" என்றுதான் சொல்வான்.